6.8 சதவீதம் கூடியது என்றால், கூடியது எது?

2024-ல் ஜப்பானின் டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் எல்லாம் சேர்ந்து 5,77,220 கோடி யென்னுக்கு விற்றன. முந்தைய ஆண்டைவிட 6.8 சதவீதம் அதிகம். தொடர்ந்து நான்காவது ஆண்டாக ஏறுமுகம். கொரோனாவுக்கு முந்தைய 2019-ன் அளவையும் தாண்டியாயிற்று. செய்தியாக வந்தால் இவ்வளவுதான். படிப்பவரும், 'பரவாயில்லையே, ஜப்பான்காரர்கள் கையில் நன்றாகக் காசு புழங்குகிறது' என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

காசு புழங்குவது உண்மை. ஆனால் அது யார் கை, எந்த ஊர், எத்தனை கடை என்று அந்த 6.8 சொல்லாது. நாமாகத்தான் உடைத்துப் பார்க்க வேண்டும். பெரிய கணிதம் ஒன்றும் தேவையில்லை. கூட்டல், கழித்தல், கொஞ்சம் பெருக்கல் போதும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்று பலகை இருந்தால் உள்ளே துவரம்பருப்பும் துணி சோப்பும் இருக்கும். ஜப்பானில் கதை வேறு. ஏழெட்டு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் அழகு சாதனங்கள், அதற்கு மேல் ஆடை, நகை, கிமோனோ, உச்சி மாடியில் உணவகங்கள். நிலத்தடித் தளத்துக்கு 'டெபாச்சிக்கா' என்று பெயர்: ஊறுகாய், பொரித்த இறால், பழம், இனிப்பு, மதியச் சாப்பாட்டுப் பெட்டி என்று கண்ணாடிப் பேழைகள் வரிசையாக நீளும். மாலை ஏழு மணிக்கு மேல் மிச்சமான சாப்பாட்டில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டுவார்கள். அதற்கென்றே காத்திருந்து வாங்குகிற ஒரு கூட்டமும் உண்டு. ஜப்பானிய மொழியில் இந்தக் கடைக்கு 'ஹியாக்கதென்', அதாவது நூறு பொருள் கடை. மிட்சுகோஷி இதில் பழைய பெயர். 1673-ல் எச்சிகோயா என்ற துணிக்கடையாக ஆரம்பித்தது. பேரம் கிடையாது, கடன் கிடையாது, ஒட்டிய விலைக்கு ரொக்கம் என்று விற்று அந்தக் காலத்தில் பேர் வாங்கியது. 1904-ல் டிபார்ட்மென்ட் ஸ்டோராக மாறுவதாக அறிவித்தது.

ஷாப்பிங் சென்டர், அதாவது நாம் மால் என்பது, வேறு வகை. அங்கே கட்டடக்காரர் எதையும் விற்பதில்லை. இடத்தை வாடகைக்கு விடுகிறார். விற்பவர்கள் உள்ளே இருக்கிற கடைக்காரர்கள். 1,500 சதுர மீட்டருக்குக் குறையாத கடைப் பரப்பு, முக்கியக் கடையைத் தவிர்த்துப் பத்துக் கடைகளாவது இருக்க வேண்டும் என்று ஜப்பானின் ஷாப்பிங் சென்டர் சங்கம் இலக்கணம் வைத்திருக்கிறது. அந்த இலக்கணப்படி நாட்டில் சுமார் 3,000 மால்கள் இருக்கின்றன. 2019-ல் அவற்றின் மொத்த விற்பனை சுமார் 32 லட்சம் கோடி யென். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

அப்படியானால் பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை ஏன் எடுத்துக்கொள்கிறேன்? கணக்கு சுத்தமாக இருப்பதால்தான். டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் எண்ணிக்கையில் இருநூறுக்கும் குறைவு. கிட்டத்தட்ட எல்லாமே டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கென்று உள்ள ஒரே சங்கத்தில் இருக்கின்றன, மாதாமாதம் கணக்குக் கொடுக்கின்றன, பல பத்தாண்டு வரிசை கையில் இருக்கிறது. படித்துப் பழக இதைவிடத் தோதான மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. இதில் கற்றுக்கொண்டதை எந்த நாட்டு மால் கணக்குக்கும் போட்டுப் பார்க்கலாம்.

'விற்பனை' என்ற சொல்லிலேயே ஒரு சங்கதி உண்டு. ஜப்பானிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் தொங்குகிற சட்டைகளில் பெரும்பாலானவை கடைக்குச் சொந்தமானவை அல்ல. அனுப்பிய நிறுவனத்தின் சரக்காகவே அவை அங்கே தொங்கும். நீங்கள் பணம் கட்டுகிற அந்த நொடியில், கடை அதை நிறுவனத்திடமிருந்து வாங்கி உங்களுக்கு விற்றதாகக் கணக்கு எழுதப்படும். விற்காமல் தங்கினால் நட்டம் அனுப்பியவருக்கு. 10,000 யென் சட்டையில் கடையின் பங்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 10,000 என்று எழுதுவதா, 3,000 என்று எழுதுவதா? 2021 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து கம்பெனிக் கணக்கில் கடையின் பங்கை மட்டுமே வருவாயாகக் காட்ட வேண்டும் என்று ஜப்பானின் கணக்கியல் விதி மாறியது. ஒரே இரவில் பல கம்பெனிகளின் வருவாய் பாதியாகச் சுருங்கியதுபோல் தெரிந்தது. கல்லாவில் ஒரு யென்கூடக் குறையவில்லை. சங்கம் வெளியிடும் விற்பனைக் கணக்கோ பழையபடி முழு 10,000-ஐயும் சேர்த்துத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தலை சுற்றும்.

போன ஆடிக்கு இந்த ஆடி

வியாபாரிகள் யாரும் ஆடி மாத விற்பனையை ஆனி மாதத்தோடு வைத்துப் பார்ப்பதில்லை. போன ஆடிக்கு இந்த ஆடி எப்படி என்றுதான் பார்ப்பார்கள். ஜப்பானிலும் அதே கதைதான். ஜூலையில் 'ஒச்சூகென்', டிசம்பரில் 'ஒசேய்போ' என்று மேலதிகாரிக்கும் ஆசிரியருக்கும் உறவினருக்கும் பரிசுப்பெட்டி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. புத்தாண்டில் 'ஃபுக்குபுக்குரோ' என்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குகிற அதிர்ஷ்டப் பை. டிசம்பரில் எகிறுவதும் பிப்ரவரியில் படுப்பதும் வருடா வருடம் நடப்பது. அதனால் எல்லாச் சதவீதமும் 'போன ஆண்டு இதே மாதத்தோடு' என்ற அளவில்தான் வரும்.

இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. 2019 செப்டம்பரில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் விற்பனை 23.1 சதவீதம் எகிறியது. அடுத்த மாதமே 17.5 சதவீதம் விழுந்தது. ஒரே மாதத்தில் ஜப்பான் பணக்கார நாடாகி, மறு மாதம் ஏழையாகிவிடவில்லை. அக்டோபர் 1-ம் தேதி நுகர்வு வரி 8 சதவீதத்திலிருந்து 10 ஆனது. கோட்டு, கைக்கடிகாரம், நகை, மெத்தை என்று எப்படியும் வாங்கவேண்டியதை எல்லாம் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டார்கள். வரி 5-லிருந்து 8 ஆன 2014-லும் இதேதான் நடந்தது: மார்ச்சில் 25.4 சதவீதம் ஏற்றம், ஏப்ரலில் 12 சதவீதம் இறக்கம். ஆனால் 2019 அக்டோபர் வீழ்ச்சிக்கு வரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியில்லை. அந்த மாதம் 12-ம் தேதி, சனிக்கிழமை, ஹகிபிஸ் புயல் வந்து டோக்கியோ வட்டாரக் கடைகளைப் பூட்ட வைத்தது. ஒரு நல்ல சனிக்கிழமை போனால் மாதக் கணக்கில் அது தெரியும்.

2024 பிப்ரவரிக்கு 29 நாள், 2025 பிப்ரவரிக்கு 28. ஒரு நாள் குறைந்தாலே விற்பனை கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம் குறைய வேண்டும். அந்தப் பிப்ரவரியில் நாடு தழுவிய விற்பனை சுமார் ஒன்றரை சதவீதம் குறைந்ததும், 'மூன்றாண்டுக்குப் பின் சரிவு' என்று செய்தி வந்தது. நாள் கணக்கைப் போட்டால் அது சரிவா என்றே சந்தேகம். அக்டோபரில் வெயில் நீடித்தால் கோட்டு விற்காது என்பதும் இந்த வகைதான். மாத அறிக்கையில் வானிலைக்கு எப்போதும் ஒரு வரி இருக்கும். மாதக் கணக்கைவிட ஆண்டுக் கணக்கு நம்பகமானது என்பது இதனால்தான். முந்திக்கொண்ட செலவும் பிந்திப்போன செலவும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் போக, 2019 முழு ஆண்டுக்கு வெறும் 1.4 சதவீதம் குறைவு.

பள்ளத்திலிருந்து ஏறும்போது

2020-ல் கொரோனா. ஏப்ரல், மே மாதங்களில் பெரிய கடைகள் மூடிக் கிடந்தன. டெபாச்சிக்கா மட்டும் பல இடங்களில் திறந்திருந்தது. அந்த ஆண்டு விற்பனை 4,22,040 கோடி யென். 25.7 சதவீதம் வீழ்ச்சி. நாற்பத்தைந்து ஆண்டு பின்னோக்கி, 1975-க்குப் போனால்தான் இந்த அளவைப் பார்க்க முடியும்.

பிறகு வந்தவை: 2021-ல் 5.8 சதவீதம் ஏற்றம், 2022-ல் 13.1, 2023-ல் 9.2, 2024-ல் 6.8. இந்த நான்கையும் வரிசையாகப் படித்தால் பிரமாதமான வளர்ச்சி. ஆனால் 100 ரூபாய் 25 சதவீதம் விழுந்தால் 75 ஆகும். அந்த 75 திரும்ப 100 ஆக 33 சதவீதம் ஏற வேண்டும். பள்ளத்தில் நின்று அளக்கும்போது ஒவ்வொரு படியும் உயரமாகத் தெரியும். பொருளாதாரப் பக்கங்களில் இதை 'அடித்தள விளைவு' என்பார்கள். போட்டுப் பார்ப்போம். 2019-ஐ 100 என்று வைத்தால் 2020-ல் 74.3. அதன்மேல் 5.8 சதவீதம் கூட்டினால் 78.6. அடுத்து 88.9. அடுத்து 97.1. 2024-ல் 103.7.

ஆக, நான்கு ஆண்டுகள் ஓடி ஓடி, கிளம்பிய இடத்தைவிட நாலடி முன்னால்.

அதுவும் சரிதானா என்று யென் தொகையை எடுத்துச் சோதித்தால் இன்னொன்று தட்டுப்படுகிறது. 2019-ன் மொத்த விற்பனை 5,75,470 கோடி. 2024-ல் 5,77,220 கோடி. இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 சதவீதம். 103.7 எங்கே, 100.3 எங்கே? மூன்று புள்ளிக்கு மேல் எங்கே போயிற்று?

மூடிய கடைகளில்தான். சங்கம் தருகிற சதவீதம் 'கடை எண்ணிக்கையைச் சரிசெய்த பின்' என்ற குறிப்போடு வரும். அதாவது இரண்டு ஆண்டுகளிலும் திறந்திருந்த கடைகளை மட்டும் எடுத்து, அவற்றுக்குள் ஒப்பிடுவது. பத்திரிகைகள் 'கிசோன்தென்', ஏற்கெனவே இருக்கும் கடை, என்று எழுதும். ஒரு தெருவில் இரண்டு கடை, ஆளுக்கு 100 விற்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்று மூடுகிறது. அதன் வாடிக்கையாளரில் கொஞ்சம் பேர் மற்றதற்குப் போக, அது 110 விற்கிறது. தெருவின் விற்பனை 200-லிருந்து 110 ஆகிவிட்டது. 'இருக்கும் கடை' கணக்கிலோ 10 சதவீத வளர்ச்சி!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கடை நடத்துகிறவருக்கும் பங்கு வாங்குகிறவருக்கும் வேண்டியது இந்தக் கணக்குதான். நிற்கிற கடை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று இதுதான் காட்டும். மால்கள் புதிது புதிதாகத் திறக்கும் நாட்டில் இது தலைகீழாக உதவும்: மொத்தம் 20 சதவீதம் கூடியிருக்கும், பழைய கடைகளில் கூடியது 5-தான் என்பதை இது போட்டு உடைக்கும். நாடு முழுவதும் எவ்வளவு விற்றது என்று தெரிய வேண்டுமானால் மட்டும் மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டும். தலைப்பில் போடும்போது எந்தக் கணக்கு என்று பலரும் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் எரிச்சல்.

விலைவாசியும் பாக்கி இருக்கிறது. ஜப்பானில் முப்பது ஆண்டுகளாக விலை நகரவே இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-லிருந்து நகர்கிறது. 2019-க்கும் 2024-க்கும் இடையில் நுகர்வோர் விலை சுமார் எட்டரை சதவீதம் கூடியது. அதைக் கழித்தால் 100.3 என்பது 92 சொச்சமாகிவிடும். நாட்டின் பொது விலைக் குறியீடு டிபார்ட்மென்ட் ஸ்டோர் சரக்குக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. இந்தக் கடைகளின் பிரியமான சரக்கான ஐரோப்பியக் கைப்பைகள், கடிகாரங்கள் இந்த ஆண்டுகளில் பலமுறை விலையேறியிருக்கின்றன. போன ஆண்டு 10 லட்சம் யென்னுக்கு விற்ற பை இந்த ஆண்டு 11 லட்சம் என்றால், ஒரு பைகூட அதிகம் விற்காமலே விற்பனை 10 சதவீதம் வளர்ந்துவிடும்.

வாங்கியது யார்?

எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இதுதான்.

டோக்கியோவின் கின்ஸாவிலோ ஒசாகாவின் நம்பாவிலோ உள்ள டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வரிவிலக்கு கவுன்ட்டர் ஒன்று இருக்கும். குறுகிய காலப் பயணியாக வந்த வெளிநாட்டவர் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டினால், 10 சதவீத நுகர்வு வரி கிடையாது. ஒவ்வொரு பாஸ்போர்ட்டும் பதிவாவதால், வெளிநாட்டுப் பயணிகள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது தனியாகத் தெரிந்துவிடும். உலகில் வேறு பல நாடுகளின் மால் கணக்கில் கிடைக்காத வசதி இது.

2019-ல் அந்த வரியில்லா விற்பனை 34,610 கோடி யென். 2024-ல் 64,870 கோடி, வரலாற்றிலேயே அதிகம். இப்போது அதை மொத்தத்திலிருந்து கழியுங்கள். 2019-ல் உள்நாட்டார் வாங்கியது ஏறத்தாழ 5,40,860 கோடி. 2024-ல் 5,12,350 கோடி. ஜப்பானியர்கள் வாங்கியது ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அதுவும் விலைவாசியைக் கழிப்பதற்கு முன்பே.

'கொரோனாவுக்கு முந்தைய அளவைத் தாண்டியது' என்றால் தாண்டியது இப்படித்தான். தூக்கிவிட்டவர்கள் பயணிகள். அவர்களைக் கொண்டுவந்தது யென்னின் வீழ்ச்சி. 2019-ல் ஒரு டாலருக்கு 110 யென் அளவில் கிடைத்தது. 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியது. கையில் டாலரோ யுவானோ வைத்திருப்பவருக்கு மொத்த ஜப்பானுமே தள்ளுபடி விற்பனை நடத்துவதுபோல் இருந்தது. அந்த ஆண்டு வந்தவர்கள் 3 கோடியே 68 லட்சம் பேர். 2021-ல் வந்தது இரண்டரை லட்சம்கூட இல்லை.

இப்படி வந்த பணம் வந்த வழியே போகவும் செய்யும். 2025 வசந்த காலத்தில் யென் கொஞ்சம் தெம்பாகி டாலருக்கு 145 பக்கம் வந்ததும் வரியில்லா விற்பனை மளமளவென்று சரிந்தது; மே மாதத்தில் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. வந்த பயணிகளின் எண்ணிக்கை அப்போதும் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஆள் வந்தார்கள், பை வாங்கவில்லை. ஒப்பிடப்பட்ட 2024 மே மாதமோ அசாதாரண உயரத்தில் இருந்தது. முன்பு பள்ளத்தில் நின்று அளந்த கணக்கு, இப்போது மேட்டில் நின்று அளப்பது. அடித்தள விளைவு இரு பக்கமும் வெட்டும்.

ஐந்தாண்டு ஒப்பீட்டை விட்டு இன்னும் பின்னால் போனால் படம் பெரிதாகிறது. டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் உச்சம் 1991. நிலமும் பங்கும் கொதித்த காலத்தின் கடைசி மூச்சு. அந்த ஆண்டு விற்பனை சுமார் 9.7 லட்சம் கோடி யென். 2024-ல் அதில் பத்துக்கு ஆறு பங்குதான். நடுவில் என்னென்னவோ நடந்தது. சம்பளம் தேங்கியது. பெரிய கடைகள் திறப்பதைக் கட்டுப்படுத்தி 1974-ல் அமலுக்கு வந்த சட்டம் 2000-ல் நீங்கியது. நெடுஞ்சாலையோரம் கார் நிறுத்தப் பெரிய பெரிய திடல்களோடு மால்கள் வந்தன. சைத்தாமாவின் கொஷிகாயாவில் 2008-ல் திறந்த இயான் லேக்டவுன் போல, ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவுக்கு. ரயில் நிலையத்து எதிரில் நின்ற ஹியாக்கதெனுக்கு, கார் ஓட்டுகிற குடும்பம் வருவது நின்றது. துணிக்கு யூனிக்ளோ, மற்றதற்கு இணையம்.

ஆனால் இந்தச் சரிவை எல்லாக் கடைகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. டோக்கியோவின் ஷின்ஜுக்குவில் உள்ள இசேதான் தலைமைக் கடை, 2022 நிதியாண்டில் 32,760 கோடி யென் விற்று, 1991 காலத்துத் தன் சாதனையையே முறியடித்தது. நாட்டின் மொத்தம் உச்சத்தில் பத்துக்கு ஆறாகக் கிடக்கும்போது ஒரு கடை மட்டும் உச்சத்துக்கு மேலே. அதே காலத்தில் வடக்கே யாமகாத்தாவில், 1700-ல் தொடங்கிய ஒனுமா என்ற கடை 2020 ஜனவரியில் திவாலாயிற்று. அந்த மாநிலத்தில் வேறு டிபார்ட்மென்ட் ஸ்டோரே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொக்குஷிமா மாநிலத்தின் கடைசி டிபார்ட்மென்ட் ஸ்டோரும் மூடியது. 2024 ஜனவரி 14-ல் ஷிமானேயின் இச்சிபாத்தா.

2024 ஜூலை 31-ல் கிஃபு தகஷிமாயா. 1977-ல் திறந்த கடை. கடைசி நாளன்று ஊரே திரண்டு வந்து வாசலில் நின்றது. ஷட்டர் இறங்கும்போது ஊழியர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். ஆகஸ்ட் மாதத்தின் 'இருக்கும் கடைகள்' சதவீதத்தில் கிஃபுவின் பூஜ்யம் சேராது. அது போன ஆண்டு ஆகஸ்டில் விற்றதும் சேராது. இரு பக்கத்திலிருந்தும் அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் கூட்டுவார்கள்.